தகுதிக்கு ஆய்வு உண்டு, தரத்துக்கு உண்டா?

கார்வேட்டிநகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் மாதத்தின் முதல் தேதியை முதியவர்கள் எவரும் மறப்பதில்லை. அன்று காலையிலேயே கிராமச் செயலகத்துச் சிப்பந்தி வீடு தேடி வந்து பென்ஷன் தொகையை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஆந்திரப் பிரதேச அரசு 2024 ஜூலை முதல் முதியோர் பென்ஷனை ரூ. 4,000 ஆகவும், மாற்றுத் திறனாளிகளின் பென்ஷனை ரூ. 6,000 ஆகவும், எழுந்திருக்கவே முடியாமல் படுக்கையில் கிடப்போருக்கானதை ரூ. 15,000 ஆகவும் உயர்த்தியது. நடக்க முடியாதவர்களை அலுவலகத்துக்கு அலைக்கழிக்காமல் பணத்தைக் கட்டிலருகே கொண்டு சேர்ப்பது பாராட்டத்தக்க ஏற்பாடு என்பதில் இரு வேறு அபிப்பிராயம் இருக்க முடியாது.

அந்தச் சில நிமிஷங்களில் ஒரு சிறு சம்பாஷணையும் நடப்பதுண்டு. "பாகுன்னாவா, அவ்வா?" என்று சிப்பந்தி கேட்பார். "பாகுன்னா, நாய்னா" என்று கட்டிலில் கிடக்கும் தமிழ் மூதாட்டி பதில் சொல்வார். நன்றாயிருக்கிறாயா என்ற கேள்விக்கு நன்றாயிருக்கிறேன் என்ற பதில். அதோடு சரி. முதுகில் புண் உண்டா, நேற்று இரவு தண்ணீர் கேட்டபோது கொடுத்தார்களா, பாட்டி கடைசியாகக் கட்டிலை விட்டு இறங்கி வெயிலைப் பார்த்தது எப்போது என்று எவரும் கேட்பதில்லை. இது சிப்பந்தியின் குற்றம் அன்று. அது அவருக்கு இடப்பட்ட வேலையும் அன்று. அப்படியானால் அது யாருடைய வேலை என்பதே கேள்வி.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மருத்துவக் குழுக்களே வீடு தேடிச் சென்றன. ரூ. 15,000 பெறுபவர்கள் மெய்யாகவே படுத்த படுக்கையாக இருப்பவர்கள்தாமா என்று சரிபார்ப்பது அவற்றின் பணி. பொதுப் பணம் தகுதியற்றவர் கைக்குப் போகக் கூடாது என்பது நியாயமே. ஆனால் படுக்கையில் கிடப்பவர் உண்மையில் படுக்கையில்தான் கிடக்கிறாரா என்று பார்க்க மருத்துவரை அனுப்ப முடிந்த ஓர் அரசுக்கு, அவர் எப்படிக் கிடக்கிறார் என்று பார்க்கவும் முடியும். தகுதிக்கு ஆய்வு நடக்கிறது. பராமரிப்பின் தரத்துக்கு நடக்கவில்லை. இந்தக் குறை ஆந்திரத்துக்கு மட்டும் உரியதன்று. நாடு முழுவதற்கும் உரியது. எனினும் தமிழ் பேசும் முதியோர் நிறைந்த சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இதற்குக் கூடுதலான ஒரு கனம் உண்டு.

வீடே மருத்துவமனை

வீட்டுப் பராமரிப்பு இப்பகுதிக்குப் புதிதன்று. எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டு என்றால் தமிழ்நாடு முழுவதும் தெரியும். வழுக்கி விழுந்து, கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பும் முதியவர் பல வாரம் வீட்டிலேயே கிடந்தாக வேண்டும். திருப்பதியில் ஸ்விம்ஸ், ரூயா, பர்ட் ஆகிய பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. எல்லை தாண்டினால் வேலூர் சி.எம்.சி. இருக்கிறது. பக்கவாதம், இடுப்பு எலும்பு முறிவு, சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபடுதல் போன்றவற்றுக்கு முதல் சிகிச்சை அங்கே கிடைத்துவிடுகிறது. சில நாட்களில் டிஸ்சார்ஜ் சீட்டு எழுதிக் கொடுத்ததும் மருத்துவமனையின் பொறுப்பு முடிகிறது. அதன் பிறகு வரும் ஆறு மாதமோ ஆறு வருஷமோ வீட்டின் பொறுப்பு. இப்படிக் கிடப்பவர்கள் எல்லாரும் முதியவர்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்த முப்பது வயது வாலிபருக்கும் இதே கட்டில்தான்.

முன்பு இந்தப் பாரத்தைக் கூட்டுக் குடும்பம் சுமந்தது. இன்று பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். அருகில் இருப்பவர்கள் திருப்பதிக்கும் ஸ்ரீசிட்டித் தொழிற்சாலைகளுக்கும் போய் வருகிறார்கள். வீட்டில் மிஞ்சுபவர் மருமகளாகவோ, எழுபது வயது மனைவியாகவோ, மணமாகாத மகளாகவோ இருக்கிறார். வசதி உள்ளவர்கள் ஏஜென்சி மூலம் ஓர் ஆயாவையோ ஹோம் நர்ஸையோ அமர்த்துகிறார்கள். ஆயா வந்ததும் வீட்டில் ஒரு நிம்மதி பிறக்கிறது. அந்த நிம்மதி எதன்மேல் நிற்கிறது என்பதைத்தான் ஆராய வேண்டியிருக்கிறது.

சாதாரணமாக ஆயாவைக் குடும்பத்தார் எப்படி மதிப்பிடுகிறார்கள்? பொருள் எதுவும் காணாமல் போகவில்லை; கைபேசியில் அதிக நேரம் பேசுவதில்லை; சம்பளம் கட்டுபடியாகிறது; சீருடை சுத்தமாக இருக்கிறது. பெங்களூரில் உள்ள மகன் இரவு எட்டு மணிக்கு வீடியோவில் அழைக்கும்போது அம்மாவின் முகம் கழுவிப் பொட்டு வைக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவும் நல்லனவே. ஆனால் கேமராவுக்கு முகம் மட்டுமே தெரியும். போர்வைக்குக் கீழே உள்ள குதிகால் தெரியாது.

எதை அளப்பது?

மருத்துவப் பணியின் தரத்தை எப்படி அளப்பது என்ற கேள்விக்கு, பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவேதிஸ் டோனபேதியன் என்ற பேரறிஞர் 1966ஆம் ஆண்டில் ஒரு விடை கூறினார். அமைப்பு, செய்முறை, பலன் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஆயாவுக்குப் பயிற்சி உண்டா, கட்டில் சரியானதா என்பது அமைப்பு. வேளைக்கு மருந்து கொடுத்தாரா, புரட்டிப் படுக்க வைத்தாரா என்பது செய்முறை. நோயாளியின் உடலும் மனமும் என்ன நிலையில் இருக்கின்றன என்பது பலன். ஏஜென்சிக்காரர்கள் முதலாவதைக் காட்டிப் பணம் வாங்குகிறார்கள். குடும்பத்தார் இரண்டாவதைப் பற்றிக் கேட்டு வாய்மொழியாகத் திருப்தி அடைகிறார்கள். மூன்றாவதைப் போர்வையை விலக்கிப் பார்ப்பவர் சிலரே.

அந்த மூன்றாவதைப் பார்ப்பதற்கு மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுதல், மலஜலத்தை அடக்குதல், தானே உண்ணுதல் ஆகிய ஆறு காரியங்களை வைத்து ஒருவர் எந்த அளவுக்குத் தம் காலில் நிற்கிறார் என்று கணக்கிடும் முறையை சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1963ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். இன்றும் உலகெங்கும் அது வழக்கில் உள்ளது. பராமரிப்பு தொடங்கிய அன்று இந்த ஆறில் எத்தனை முடிந்தது, மூன்று மாதம் கழித்து எத்தனை முடிகிறது என்று ஒரு நோட்டில் எழுதினாலே பாதி உண்மை வெளிவந்துவிடும். முன்பு தானே சோறு பிசைந்து உண்டவர் இப்போது ஊட்டினால்தான் உண்கிறார் என்றால், அது நோயின் போக்கா அல்லது வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று ஆயா ஊட்டிவிட்டதன் விளைவா என்று கேட்க இடம் உண்டாகிறது.

மற்ற பாதியை உடலே சொல்லும். படுக்கைப் புண் முதலில் தோன்றும் இடங்கள் வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், தோள்பட்டை. புண்ணாவதற்கு முன் தோல் சிவக்கும் என்று புத்தகங்கள் கூறும். மாநிறமும் கறுப்பு நிறமும் உள்ள உடலில் சிவப்பு எளிதில் தெரியாது. கையால் தொட்டு, அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணிக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது தாதியர் பயிற்சியின் பால பாடம். புண் வந்த எல்லா இடத்திலும் அலட்சியம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் புண் வந்து ஒரு வாரமாகியும் வீட்டில் எவருக்கும் தெரியவில்லை என்றால் அது அலட்சியமே.

இளைப்பதைக் கண்டுபிடிக்கத் தராசு தேவையில்லை. மணிக்கட்டில் நின்ற வளையல் முழங்கைவரை ஏறுகிறதா என்று பார்த்தால் போதும். சித்தூர்ச் சீமையின் வெயிலில் உதடு வெடித்து, மூத்திரம் அடர்ந்த மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். இரவில் ஈரத் துணியை மாற்றும் வேலை மிஞ்சும் என்பதற்காகப் பகலிலேயே தண்ணீரைக் குறைக்கும் வழக்கம் பல வீடுகளில் சத்தமில்லாமல் நடக்கிறது. களியோ கஞ்சியோ சாய்ந்து படுத்த நிலையில் ஊட்டினால் நுரையீரலுக்குள் போகும். நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டி, அதன் பின்னும் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கச் செய்ய வேண்டும். மூத்திரக் குழாய் பொருத்தியிருந்தால் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். மாத்திரை அட்டையை எண்ணினால் வேளை தவறியது தெரியும். வைத்தியர் எழுதாத தூக்க மாத்திரை ஒன்று அட்டைகளுக்கிடையே இருந்தால், அது எவருடைய தூக்கத்துக்காக என்று விசாரித்தாக வேண்டும்.

பிற இடங்களின் அனுபவம்

இத்தகைய சோதனையை ஓர் அரசு முறையாகச் செய்ய முடியுமா என்றால், செய்து பார்த்த நாடுகள் உண்டு. இங்கிலாந்தில் வீட்டுக்கு ஆள் அனுப்பி நோயாளியைக் குளிப்பாட்டி உடுத்திவிடும் பணியைச் செய்யும் நிறுவனங்கள் பராமரிப்புத் தர ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். 2009ஆம் ஆண்டில் பணியைத் தொடங்கிய அந்த ஆணையம் ஐந்து கேள்விகளைக் கேட்கிறது. பாதுகாப்பானதா, பலன் தருகிறதா, பரிவுள்ளதா, தேவையறிந்து நடக்கிறதா, நிர்வாகம் நன்றாக உள்ளதா என்பவை அவை. விடைகளைக் கொண்டு மிகச் சிறப்பு முதல் போதாது வரை நான்கு தரங்களில் ஒன்றை அளிக்கிறது. ஓட்ட ஓட்டமாக வந்து பதினைந்து நிமிஷத்தில் எல்லாம் முடித்துப் போகும் முறை அந்நாட்டில் பெருங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. சில விதிவிலக்குகள் தவிர, அரை மணிக்குக் குறைந்த வருகை கூடாது என்று 2015ஆம் ஆண்டில் அந்நாட்டின் வழிகாட்டு நெறி வகுக்கப்பட்டது.

அதே ஆணையம் 2024ஆம் ஆண்டில் தானே சோதனைக்கு உள்ளாயிற்று. ஆய்வுகள் குறைந்துவிட்டன, பல நிறுவனங்களின் தர மதிப்பீடு பல வருஷம் பழையதாகிவிட்டது என்று அரசு நியமித்த விசாரணை கண்டது. இதிலிருந்து கற்க வேண்டிய பாடம் தெளிவு. ஒரு தடவை கொடுத்த நற்சான்று நாளாக நாளாகப் பொய்யாகும். தரம் என்பது அடிக்கடி போய்ப் பார்த்தால் மட்டுமே தெரியக்கூடிய விஷயம்.

அவ்வளவு தூரம் போகாமல் கேரளத்தையும் பார்க்கலாம். 1993ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரணச் சங்கத்திலிருந்து வளர்ந்த இயக்கம், மலப்புறம் போன்ற மாவட்டங்களில் அக்கம்பக்கத்தாரையே தொண்டர்களாகக் கொண்டது. 2008ஆம் ஆண்டில் மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை வகுத்தது. பஞ்சாயத்து அமர்த்திய நர்ஸும் தொண்டர்களும் கட்டிலில் கிடப்பவரை வீட்டில் போய்ப் பார்க்கிறார்கள். அடுத்த தெருக்காரர் உள்ளே வந்து போகும் வீட்டில் புண் வெகுநாள் மறைந்திருக்க முடியாது.

தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கான மருந்தும், இயன்முறைச் சிகிச்சையும், தீரா நோயாளிகளுக்கான ஆதரவும் வீட்டுக்கே செல்கின்றன. 2024ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் அதற்குக் கிடைத்தது. ஆந்திரத்தில் 2023 ஏப்ரலில் தொடங்கிய குடும்ப மருத்துவர் திட்டத்திலும், படுக்கையில் இருப்போரை மருத்துவர் வீட்டில் சென்று காண்பது ஓர் அங்கமாக வைக்கப்பட்டது. ஆக, வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போவது அரசுகளுக்குப் பழகிவிட்டது. போனவர்கள் எத்தனை பேரைப் பார்த்தோம் என்ற எண்ணிக்கையோடு திரும்பாமல், எப்படிப் பார்த்தோம் என்பதையும் எழுதிக்கொண்டு திரும்ப வேண்டும்.

சட்டம் எதுவரை?

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007ஆம் ஆண்டில் நிறைவேறியது. உணவு, உடை, உறைவிடம், மருத்துவ வசதி ஆகியவற்றுக்காகப் பிள்ளைகளிடம் மாதம் ரூ. 10,000 வரை கோரிப் பெற அது வழி செய்தது. கைவிட்டுச் செல்வோருக்கு மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. ஆனால் பணம் கொடுத்து வைத்த ஆள் சரியாகப் பார்த்துக்கொள்கிறாரா என்பதைப் பற்றி அச்சட்டம் பேசவில்லை. இந்தக் குறையைப் போக்க, வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும், அவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கப்பட வேண்டும் என்ற விதிகளுடன் 2019 டிசம்பரில் ஒரு திருத்த மசோதா லோக்சபையில் கொண்டுவரப்பட்டது. நிலைக்குழுவுக்குப் போன அந்த மசோதா நிறைவேறாமலே, 2024ஆம் ஆண்டில் சபையின் காலம் முடிந்தபோது காலாவதியாயிற்று. உணவு விடுதி திறக்க லைசென்ஸ் வேண்டும். ஆட்டோ ஓட்ட லைசென்ஸ் வேண்டும். வாய் பேச முடியாத நோயாளியின் அருகே இரவும் பகலும் ஒருவரை அமர்த்தும் தொழிலுக்கு அத்தகைய தனிக் கட்டுப்பாடு இன்னும் வரவில்லை.

ஆயாவையும் பார்க்க வேண்டும்

இங்கே மற்றொரு பக்கத்தையும் மறந்துவிடலாகாது. தரத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாப் பழியையும் ஆயாவின் தலையில் போடுவது எளிது. இருபத்து நான்கு மணி நேர வேலை என்று அழைத்து வந்து, இரவில் இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுப்பி, பகலில் பாத்திரமும் துலக்கச் சொல்லி, வார விடுமுறையும் கொடுக்காத வீடுகள் உண்டு. குடும்பத்தார் மாதந்தோறும் கட்டும் தொகையில் ஏஜென்சிக்குப் போனது போக அவர் கைக்கு என்ன வருகிறது என்று பெரும்பாலோர் கேட்பதே இல்லை. தூங்காத மனிதர் பிறருக்குச் செய்யும் பணிவிடை நீடிக்காது. ஆகவே ஆயாவுக்குப் படுக்க இடம் எங்கே, ஓய்வு எப்போது, யார் மாற்றாள் என்ற கேள்விகளும் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும். ஊதியமில்லாமல் அதே வேலையைச் செய்யும் மருமகளுக்கும் மகளுக்கும் இது பொருந்தும். அவர்கள் கடைசியாக ஓர் இரவு முழுவதும் உறங்கியது எப்போது என்று கேட்பவர் வேண்டும்.

பெற்றோரைப் பேணுவதற்கும் பரீட்சையா, அன்பை மார்க் போட்டு அளக்கலாமா என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். அன்பை அளக்க எவரும் முயலவில்லை. அன்புள்ள மகன் வைத்திருக்கும் ஆள் என்ன செய்கிறார் என்பதைத்தான் அளக்கச் சொல்லுகிறது இந்த வாதம். அன்பு மிகுந்த வீடுகளிலும் அறியாமையால் புண் வருகிறது. சாய்த்துப் படுக்க வைத்தே பாசத்தோடு கஞ்சி ஊட்டியதால் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனவர்களும் உண்டு.

வலிக்குத் தாய்மொழி

இனி இவ்வட்டாரத்துக்கே உரிய விஷயத்துக்கு வரலாம். சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று உருவாவதற்கு முன் கார்வேட்டிநகரம் ஜமீன் வட ஆற்காட்டைச் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லைகள் திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. கார்வேட்டிநகரம் ஆந்திரத்திலேயே நின்றது. அன்று முதல் இங்குள்ள தமிழர்கள் தெலுங்கு மக்களோடு மாமன் மச்சானாகப் பழகி, இரு மொழியும் பேசி வாழ்கிறார்கள். சந்தைக்கும் கச்சேரிக்கும் போய் வந்த ஆண்களுக்குத் தெலுங்கு சரளம். வீட்டோடு இருந்த மூதாட்டிகள் பலருக்கு அது நலம் விசாரிக்கும் அளவுக்கே வரும். நோயும் நொம்பலமும் அவர்களுக்குத் தமிழில்தான்.

வலி என்று ஒரே சொல்லாகத் தமிழில் எவரும் நிறுத்துவதில்லை. காந்துகிறது, குடைகிறது, சுருக்கென்று குத்துகிறது, கடுக்கிறது, மரத்துப் போகிறது, உளைகிறது என்று பிரித்துச் சொல்வார்கள். வைத்தியருக்கு ஒவ்வொன்றும் ஒரு தடயம். தெலுங்கிலும் இதற்கு இணையான சொற்கள் ஏராளம். ஆனால் அவை அந்த மூதாட்டியின் நாவில் இல்லை. தெலுங்கில் அச்சிட்ட படிவத்தை வைத்துக்கொண்டு கேட்கும்போது அவருக்குத் தெரிந்த ஒரே விடை "பாகுன்னா" என்பது. மறதி நோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி பலருக்கு முதலில் நழுவி, குழந்தைப் பருவத்து மொழியே எஞ்சுகிறது. பக்கவாதத்தால் பேச்சு குழறியவருக்கும் இரு மொழிகளும் ஒரே அளவில் திரும்புவதில்லை. அப்போது பக்கத்தில் நிற்கும் ஆயாவோ மருமகளோ பதில் சொல்லிவிடுகிறார்கள். எவருடைய பணியை மதிப்பிட வேண்டுமோ, அவரே நோயாளிக்காகப் பேசும் விபரீதம் இது. ஓசூரிலும் சென்னையிலும் உள்ள தெலுங்கு முதியோருக்கும் இதே சங்கடம் இருக்கும். அவர்களைத் தெலுங்கில் கேட்க வேண்டும் என்பது எவ்வளவு நியாயமோ அவ்வளவு நியாயம் இதுவும்.

மாநிலங்கள் மொழிவாரியாகச் சீரமைக்கப்பட்ட 1956ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட குறிப்பில், மொழிச் சிறுபான்மையினர் 15 முதல் 20 சதவீதம் வாழும் பகுதிகளில் முக்கிய அறிவிப்புகளை அவர்கள் மொழியிலும் வெளியிடுவது நலம் என்று கூறப்பட்டது. அந்த அளவைத் தொடும் இடங்களில் நோயாளியிடம் கேட்கும் கேள்விகளைத் தமிழில் அச்சிடுவது புதிய சலுகை ஆகாது. மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இருப்பதே கார்வேட்டிநகரத்தில்தான். ஒரு பக்கக் கேள்வித்தாளைத் தமிழிலும் தெலுங்கிலும் எளிய நடையில் எழுதித் தர இவ்வூரில் ஆளில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

செய்யக் கூடியவை

முதலாவதாக, படுக்கையில் கிடப்போருக்கான பென்ஷன் பட்டியல் ஏற்கெனவே செயலகத்தில் இருக்கிறது. அதைக் கொண்டு மாதம் ஒரு தடவை கிராம சுகாதார ஊழியர் போர்வையை விலக்கிப் பார்க்கும் ஏற்பாடு வேண்டும். தோல், எடை, வாய், மருந்து, தண்ணீர், கட்டிலை விட்டு எழுந்த நேரம் ஆகிய ஆறையும் குறித்தாலே போதும்.

இரண்டாவதாக, அவர் பென்ஷன் நாளில் வரக் கூடாது. பணம் தரும் கையும் குறை கேட்கும் காதும் ஒன்றாக இருந்தால் முதியவர் பயப்படுவார். உடல்நிலை தேறிவிட்டால் ரூ. 15,000 நின்றுவிடுமோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். தேறி வருபவருக்கு உதவித் தொகை திடீரென்று நிற்காது, படிப்படியாகவே குறையும் என்று அரசு உறுதி கூறினால், கட்டிலிலிருந்து எழுப்ப முயலும் குடும்பங்கள் பெருகும்.

மூன்றாவதாக, பத்து நிமிஷமாவது வீட்டார் வெளியே நிற்க, நோயாளியை அவர் மொழியில் தனியே கேட்க வேண்டும். பேச முடியாதவரிடம் கண்சாடையிலும் விரலசைவிலும் கேட்கலாம்.

நான்காவதாக, வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளின் பதிவேடு ஒன்றை மாவட்ட நிர்வாகமே தொடங்க வேண்டும். மத்தியச் சட்டம் மீண்டும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆளின் பயிற்சி, மாற்றாள் ஏற்பாடு, புகார் செய்ய ஒரு விலாசம் ஆகிய மூன்றாவது அதில் இருக்கட்டும்.

குடும்பங்கள் செய்யக் கூடியதும் உண்டு. கட்டிலருகே ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் தொங்கட்டும். பக்கம் மாற்றிய நேரம், உண்ட அளவு, மலஜலம், மருந்து ஆகியவை அதில் ஏறட்டும். வெளியூர் மகன் வீடியோவில் முகத்தைப் பார்த்ததும் குதிகாலையும் முதுகையும் காட்டச் சொல்லட்டும். சொல்லாமல் ஒரு நாள் நேரில் வந்து நிற்கட்டும். பக்கத்து வீட்டு அம்மாளிடம் வாரம் ஒரு தடவை வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்வதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை. கொடுமை என்று தெரிந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.

இவை எதற்கும் பெரிய நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. வாசல்வரை ஆள் ஏற்கெனவே வருகிறார். பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. மருத்துவரும் ஒரு தடவை வந்து கட்டிலைப் பார்த்துவிட்டார். பாட்டி படுக்கையில்தான் இருக்கிறார் என்பது அரசாங்கத்துக்கு இப்போது நிச்சயமாகத் தெரியும். அடுத்த தடவை வருபவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எங்கே பாட்டி வலிக்கிறது, எப்படி வலிக்கிறது?" என்று தமிழில் கேட்டால், "பாகுன்னா" என்பதற்கு மேலும் அவர் சொல்ல வேண்டியது நிறைய இருப்பது தெரியவரும்.